புற்றுக்கு வெளியே

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் நான் ஒரு செல்போன் ரிப்பேர்க்காரி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "இன்னா வேலைமா?" என்று கேட்டார். மண்ணுக்குள் வாழும் பூச்சிகள் காட்டு மண்ணின் கார்பனை என்ன செய்கின்றன என்று பார்க்கிற வேலை என்று குழாயடியில் நின்று எப்படிச் சொல்வது? கரையான் என்றால் அது புத்தகத் தமிழ். எங்கள் சந்தில் அதற்குச் செல்லு என்றுதான் பேர். அதனால் "செல்லு ஆராய்ச்சிக்கா" என்றேன். மறுநாள் காலையில் கண்ணாடி நொறுங்கிய ஒரு செல்போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து என் கையில் திணித்துவிட்டார்.

"இந்தச் செல்லு இல்லக்கா, மண்ணுல இருக்குற செல்லு" என்றேன்.

"ஆமாமா, மண்ணுல உழுந்துதான் ஒடைஞ்சிருச்சு" என்றார்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. போனைப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரிப்பேர்க் கடையில் கொடுத்துச் சரிசெய்து திருப்பிக் கொடுத்தேன். அதுதான் வினையாயிற்று. சார்ஜ் ஏறாத போன், தண்ணீரில் விழுந்த போன், குழந்தை கடித்த போன் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. "செல்லு அக்கா" என்று பட்டப்பெயரும் விழுந்தது. பெயர் என்னவோ சரிதான், அர்த்தம்தான் தப்பு.

எந்தச் செல்லு என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். தெரிந்ததால் அவருக்குக் கோபம் ஜாஸ்தி. எங்கள் வீட்டு வாசல்நிலையைச் செல்லு தின்றிருக்கிறது. வெளியே பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஒருநாள் அம்மா சாய்ந்து நின்றபோது முழங்கை உள்ளே போய்விட்டது. மரமே இல்லை, பெயின்ட்டும் மண்ணும்தான் நிலைபோல நின்றுகொண்டிருந்தன. அம்மா தொம்மலூரில் ஓர் ஆபீஸில் துப்புரவு வேலை பார்க்கிறார். ஊர் அழுக்கையெல்லாம் துடைத்துவிட்டு வந்தால் வீட்டு வாசலில் இது.

"ஊர்ல எல்லாரும் இதைக் கொல்லத்தான் ஆள் வைப்பாங்க. உன்னை மட்டும் வளக்கறதுக்கு வச்சிருக்காங்களா? நல்லா படிச்சே போ" என்றார்.

வாசல்நிலை விஷயத்தில் நான் அம்மா கட்சி. வீட்டுக்குள் வந்தால் நானும் மருந்துதான் ஊற்றுவேன், ஊற்றியும் இருக்கிறேன். செல்லு சாமியும் இல்லை, எனக்குச் சொந்தமும் இல்லை. ஆனால் காடு அதன் வீடு. அங்கே போய் மருந்து ஊற்றுகிறவனை நான் சும்மா விடுவதாக இல்லை. இந்தக் கதை முழுக்க அவ்வளவுதான்.

காடு என்று நான் சொல்கிற இடத்தைப் பார்த்தால் நீங்கள் சிரிக்கலாம். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு கம்பெனி வளாகம். முன்பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள், புல்தரை, கேப் நிற்கும் வரிசை. பின்பக்கம், அவர்கள் நிலத்தை வாங்கியபோது கூடவே வந்துவிட்ட ஒரு துண்டுக் காடு. நாவல், புங்கம், உசிலை, ஒரு மூங்கில் புதர், பெயர் தெரியாத கொடிகள். யாரும் நட்டதில்லை, யாரும் பெருக்கியதும் இல்லை. அதனால்தான் எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. பெங்களூரில் யாரும் பெருக்காத மண் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்தால் தங்கள் பசுமை அறிக்கையில் ஒரு படம் போட்டுக்கொள்ளலாம் என்று கம்பெனியும் சம்மதித்தது.

அங்கே நான் செய்கிற வேலையைப் பார்க்கிறவர்களுக்கு அது வேலை மாதிரியே தெரியாது. வலைத்துணியில் சின்னச் சின்னப் பைகள் தைப்பேன். ஒருவகைப் பையில் கண்ணி மிகவும் நெருக்கமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் போகலாம், பூச்சி போக முடியாது. இன்னொருவகையில் கண்ணி பெரிது, எல்லாரும் போகலாம். இரண்டிலும் ஒரே மரத்தின் காய்ந்த இலைகளைப் போட்டுத் தைத்து, பக்கத்தில் பக்கத்தில் புதைத்துவிடுவேன். ஒரு மழைக்காலம் போன பிறகு தோண்டி எடுப்பேன். நெருங்கிய கண்ணிப் பையில் இலை பழுப்பாகி, நைந்து, அப்படியே கிடக்கும். பெரிய கண்ணிப் பையைத் திறந்தால் இலை இருக்காது, மண் இருக்கும். செல்லு இலையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் மண்ணை வைத்துவிட்டுப் போயிருக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒழுங்கான வியாபாரி மாதிரி, எடுத்ததற்குப் பதில் வைத்திருந்தது.

இலை என்பது காற்றில் இருந்த கார்பன்தான், மரம் வெயிலை வைத்துப் பிடித்துக் கட்டியது. இலை விழுந்த பிறகு கேள்வி ஒன்றே ஒன்று. அந்தக் கார்பன் திரும்பவும் காற்றுக்குப் போகிறதா, மண்ணில் தங்குகிறதா? மரங்களை எண்ணுகிறவர்கள் இந்தக் கேள்வியோடு கிளம்பி, அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பதில் காலுக்குக் கீழே இருக்கிறது. செல்லு இலையை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் ஒரு காளானை வளர்க்கிறது. காளான் இலையை மென்மையாக்கித் தருகிறது, செல்லு அதைத் தின்கிறது. தின்கிற எதுவும் மூச்சுவிடும். அப்படி ஒரு பங்கு கார்பன் காற்றுக்குப் போய்விடுகிறது, கொஞ்சம் மீத்தேனாகவும் போகிறது. இன்னொரு பங்கு எச்சிலோடும் கழிவோடும் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. களிமண் பிடித்துக்கொண்டதை நுண்ணுயிர்களால் சீக்கிரம் தின்ன முடியாது, அது அங்கேயே வெகுகாலம் கிடக்கும். எறும்புகள், வேர் தின்னும் வெள்ளைப் புழுக்கள், சாணி வண்டுகள் எல்லாம் இதே வேலையை ஆளுக்கொரு விதமாகச் செய்கின்றன. அவை போட்ட ஓட்டைகளின் வழியாகத்தான் காற்றும் மழையும் வேருக்குப் போகின்றன.

கம்பெனி "பசுமை வளாகம்" என்று ஒரு கூட்டம் வைத்து என்னைப் பேசக் கூப்பிட்டது. நான் திரையில் ஒரு வாக்கியம் போட்டேன். 'கரையான்கள் இலையைத் தின்று கார்பனைக் காற்றில் விடுகின்றன; அதே கரையான்கள் ஒரு பங்கை மண்ணின் ஆழத்தில் பத்திரமாக வைக்கவும் செய்கின்றன.' அதன் இரண்டு பாதிகளும் உண்மை. நான் வருடக்கணக்கில் மண்ணில் முட்டிபோட்டுச் சம்பாதித்த வாக்கியம் அது.

கூட்டத்தில் முன்வரிசையில் வளாகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரர், பெங்களூருக்கு வந்து கொஞ்ச வருடம்தான் ஆகிறது. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு இரண்டு பயங்கள் உண்டு. ஒன்று அவருடைய மேலதிகாரி. இன்னொன்று மழை பெய்தால் பேஸ்மென்ட்டுக்குள் புகுந்துவிடும் தண்ணீர். எப்போது பார்த்தாலும் பம்ப்செட்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். நான் பேசியபோது போனிலிருந்து பாதி நேரம் நிமிர்ந்திருப்பார் போலிருக்கிறது. நிமிர்ந்த நேரத்தில் கேட்டது என் வாக்கியத்தின் முதல் பாதி.

கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது. விஞ்ஞானியின் கருத்துப்படி கரையான்கள் கார்பனை வெளியிடுகின்றன. எனவே பின்பக்கக் காடு முழுவதும் கரையான் மருந்து செலுத்தி வளாகத்தின் கார்பன் வெளியீட்டைக் குறைப்பது என்று முடிவு. அரைப்புள்ளிக்கு முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டு, பின்னால் இருந்ததை வெட்டிப் போட்டிருந்தார்கள். கொல்லச் சொல்லி நானே சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. மெயிலைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உடனே போன் செய்தேன். "சார், நான் சொன்னது அது இல்ல."

"மேடம், நீங்களே ஸ்கிரீன்ல போட்டீங்களே? கார்பன விடுதுன்னு. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

"பக்கத்திலேயே இன்னொரு பாதி இருக்கே, அதையும் படிங்க."

"அது நீளமா இருந்துச்சுங்க மேடம்" என்றார். பொய் சொல்லவில்லை பாவம். நிஜமாகவே அதுதான் காரணம்.

"மருந்து ஊத்தினா என் பைங்க எல்லாம் வீண். பெரிய கண்ணியும் சின்னக் கண்ணியும் ஒண்ணாயிடும், உள்ள வர்றதுக்கு ஆளே இருக்காது. அது போகட்டும். அந்த மண்ணே செத்துடும் சார்."

"முன்பக்கம் போன வருஷம் அடிச்சோமே மேடம், புல்லு ஜம்முனு இருக்கே" என்றார்.

என் பேராசிரியரிடம் போனேன். அவர் நல்லவர், அமைதியானவர், வழி தெரிந்தவர். எதற்குப் பேச்சை வளர்க்கிறாய், கரையான் கார்பனைச் சேமிக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடு, காடு பிழைக்கும், மற்றதைக் கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம் என்றார். அதாவது அவர்கள் முதல் பாதியை வைத்துக்கொண்டால் நீ இரண்டாம் பாதியை வைத்துக்கொள் என்கிறார்.

முடியாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் குரல் உயர்ந்துவிட்டது. என்னைப் பாதியாகக் கேட்டே பழகியவர்கள் நிறையப் பேர். நீலசந்திரா என்று சொன்னால் அதோடு காதை மூடிக்கொள்வார்கள். ஆராய்ச்சி என்று சொன்னால் நீலசந்திராவை மறந்துவிடுவார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. மூச்சுவிடாமல், அழுக்காக்காமல், நல்லதை மட்டும் செய்கிறவர்களுக்குத்தான் வாழ இடம் என்றால் முதலில் காலி பண்ண வேண்டியது அந்தக் கண்ணாடிக் கட்டிடம். செல்லு கார்பனை விடும். அதற்காகக் கொல்லக் கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன், கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

இதற்குள் மேனேஜர் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டார். காட்டின் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குப் புற்று ஒன்று உண்டு. மண்ணிலிருந்து வரும் வாயுவை அளக்கும் என் பெட்டியை அதன் பக்கத்தில்தான் கவிழ்த்து வைப்பேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் புற்றைச் சுற்றி வட்டமாகச் சிமென்ட் கட்டு, அதன்மேல் மஞ்சளும் சிவப்புமாக டைல்ஸ், புற்றுக்கு மஞ்சள் குங்குமம், ஒரு செம்பருத்தி மாலை. மேனேஜர் பக்கத்தில் நின்று நான் பாராட்டுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்காகத்தான் மேடம். புத்தைத் தொட வேணாம்னு சொல்லிட்டேன். நாகம்மா இருக்குற இடம் இல்லையா? இதை விட்டுட்டு மத்த இடத்துல மட்டும் மருந்து."

நான் அந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. புற்று என்பது செல்லு அல்ல. அது கூரையும் புகைபோக்கியும்தான், கீழே இருக்கிற வீட்டின் வெப்பக் காற்று மேலே போவதற்கு. வேலை செய்கிற செல்லெல்லாம் அங்கேயா உட்கார்ந்திருக்கிறது? காடு முழுக்க, ஒவ்வொரு இலைக்கும் அடியில், மண்ணுக்குள் வழி போட்டுக்கொண்டு அலைகிறது. அவை வெளியே போய்க் கொண்டுவந்தால்தான் உள்ளே காளானுக்கும் ராணிக்கும் சாப்பாடு. சுற்றிலும் மருந்து ஊற்றிவிட்டு நடுவில் புற்றைக் காப்பாற்றுவது, வேலைக்குப் போனவர்களையெல்லாம் கொன்றுவிட்டு வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி.

இதை அவரிடம் சொன்னேன். "சாமி விஷயத்துல விளையாடாதீங்க மேடம்" என்றார். சாமியைக் காப்பாற்றினாலும் எனக்குத் திருப்தியில்லை என்று வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். நாங்கள் பௌத்தர்கள். புற்றுக்குப் பால் ஊற்றும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். செல்லுக்குப் பரிந்து பேசுகிற ஆள் இல்லை அவர். ஆனால் டைல்ஸ் என்றதும் கத்தியை வைத்துவிட்டார்.

"நம்ம தெருமுனையில கோட்டு போட்டு நிக்கறாரே, அந்தச் சிலைக்கு வருஷா வருஷம் வந்து மாலை போடறாங்க. ரோஜாப்பூ மாலை. கூடவே நாலு கார், மைக்கு. அந்தத் தெருவுல இருக்கற நமக்குக் கொழாயில தண்ணி வருதா?" என்றார். பிறகு, "நடுவுல நிக்கறதுக்கு டைல்ஸ் போட்டுட்டா, சுத்தி இருக்கறவங்களை இன்னா வேணா பண்ணலாம்னு நெனச்சிக்கறாங்க. உடாதடி" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

வாசல்நிலையைத் தின்றவர்களுக்காக அம்மா சொன்ன வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

மருந்து ஊற்றுவதற்குச் சனிக்கிழமையைக் குறித்திருந்தார்கள். ஆபீஸில் ஆள் இருக்காது என்பதால் அந்த நாள். காலையில் பேருந்து மேம்பாலத்தின் மேல் ஊர்ந்தபோதே வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நீலச் சட்டை போட்ட பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்கள் காட்டின் ஓரத்தில் டிரம்மை இறக்கி, குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி திரும்பினார். எங்கள் எதிர்வீட்டு அக்காவின் தம்பி! கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் வேலை அவருக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"செல்லு அக்கா! இன்னா இங்க? டவர் வேலையா?" என்றார்.

நான் ஓடி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. "ஊத்தாதப்பா. கீழ செல்லு இருக்கு."

அவர் முகம் மாறியது. "டேய், நிறுத்து நிறுத்து! கொழாய எடு! கீழ கேபிள் கீதாம்!" என்று கத்தினார். குழாய் பிடித்தவர் பாம்பை மிதித்தது போல் பின்னால் குதித்தார். எல்லாரும் காட்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள்.

அப்படியே விட்டிருக்கலாம். கேபிள் போகிறது, தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். அது அந்த நொடியிலேயே எனக்குத் தோன்றியது. ஆனால் பாதிப் பேச்சை எதிர்த்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பாதிப் பேச்சில் பிழைப்பதா?

"அந்தச் செல்லு இல்லப்பா. நீ கொல்ல வந்திருக்கியே, அந்தச் செல்லு. என் வேலையே அதுதான். நான் போன் ரிப்பேர் பண்றவ இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அப்ப எங்க அக்கா போனு?"

"ரிப்பேர்க் கடையில குடுத்து வாங்கினேன்."

"என் போனு?"

"அதுவும்தான்."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டிரம்மைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வேலை ஞாபகம் வந்தது. "சரிக்கா, கேபிள் இல்லன்னா நாங்க அடிக்கணும். ஒந்து மணி நேரத்துல ஆய்த்து, முடிஞ்சிரும். புத்து மேல ஒரு சொட்டு படாது, பாத்துக்கோங்க. நாங்களே செருப்பைக் கழட்டிட்டுத்தான் நிக்கறோம்" என்றார். பார்த்தேன். உண்மைதான், செருப்புகளும் பூட்ஸுகளும் ஓரமாக வரிசையாக இருந்தன. விஷம் ஊற்ற வெறுங்காலோடு வந்திருந்தார்கள்.

"புத்துல யாரும் இல்லப்பா. நீ நிக்கற எடத்துலதான் இருக்காங்க" என்றேன். காலடியில் ஒரு காய்ந்த நாவல் இலையைத் திருப்பிக் காட்டினேன். அடியில் வெள்ளை வெள்ளையாக ஓடின. அவர் வெறுங்காலைச் சட்டென்று தூக்கிக்கொண்டார்.

"ஆள் உக்காந்திருக்கற எடத்துல மருந்து அடிப்பியா?" என்று கேட்டேன்.

"சே சே, அடிக்கக் கூடாது. லேபிள்லயே போட்டிருக்குது."

"அப்ப நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தேன், டைல்ஸ் போட்ட கட்டின்மேல் அல்ல. என் பைகள் புதைந்திருக்கும் இடத்தில், இலைக் குப்பையின் மேல் சம்மணம் போட்டு. பருத்திச் சுடிதார் வேறு. செல்லு விருந்தென்று நினைத்திருக்கும். மேஸ்திரி ஒரு மரத்தடியில் போய் நின்று மேனேஜருக்குப் போன் போட்டார். "சார், எங்க ஏரியா அக்கா ஒருத்தங்க உக்காந்துட்டாங்க சார். இல்ல சார், எழுந்திருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும் சார்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தெம்பாக இருந்தது.

மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "இது என்ன மேடம், படிச்சவங்க செய்யற வேலையா?"

"படிச்சதாலதான் சார் செய்யறேன்."

"கார்பன விடுதா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"விடுது."

"அப்புறம் என்ன?"

"நீங்களும் விடறீங்க. நானும் விடறேன். அந்தப் பம்ப்செட்டும் விடுது. அது விட்டுட்டு மீதியை மண்ணுல எறக்கி வைக்குது, நாம விட்டுட்டுப் போயிடறோம். கொல்லுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிக் கொல்லாதீங்க. என் வாக்கியத்தை முழுசா போட்டு, அதுக்குக் கீழ உங்க கையெழுத்தப் போட்டுட்டு, அப்புறம் கொல்லுங்க. நான் எழுந்துக்கறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழை, கேட்டுக்கொண்டா வரும்? ஆட்கள் டிரம்மை மூடி வண்டியில் ஏற்றினார்கள். மழையில் மருந்து ஊற்றினால் ஓடிப்போய்விடும் என்று மேஸ்திரி சொன்னார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, போகிறபோக்கில் "ஜாக்கிரதைக்கா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. நனைந்து போனாலும் அங்கேயேதான் இருப்பது என்று பிடிவாதம். மேனேஜர் பேஸ்மென்ட்டை நினைத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினார்.

மழை விட்ட பிறகு திரும்பி வந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. முன்பக்கப் புல்தரையில் தண்ணீர் குளம் கட்டி, சரிவில் வழிந்து, பேஸ்மென்ட் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் மருந்து அடித்து ஜம்மென்று இருந்த அதே புல்தரைதான். காட்டுக்குள் காலை வைத்தவர் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். ஷூவால் தரையை அழுத்திப் பார்த்தார்.

"மேடம், இந்தப் பக்கம் தண்ணி எங்க போச்சு?"

"கீழ சார். செல்லு போட்ட ஓட்டை வழியா. எறும்பு போட்டதும் உண்டு."

"பேஸ்மென்ட்டுக்குப் போகலயா?"

"போகல."

அவ்வளவுதான். அதோடு முடிந்தது. திங்கட்கிழமை ஒரு மெயில் வந்தது, காட்டில் மருந்து செலுத்தும் திட்டம் கைவிடப்பட்டது என்று. அதில் கார்பன் என்ற வார்த்தையே இல்லை. எனக்கு அதில் ஆத்திரம் உண்டு, மறைக்கப் போவதில்லை. வருடக்கணக்கில் நான் தோண்டியதும் எடை போட்டதும் அவருக்கு ஏறவில்லை, ஷூ நனைந்ததும் ஏறிவிட்டது. அம்மாவிடம் சொன்னபோது, "எப்படிக் கேட்டா இன்னா, கேட்டானில்ல?" என்றார். அம்மாவுக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

அதனால் காட்டுக்கு முன்னால் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கப் போகிறோம், 'இந்தக் காடு கார்பனைச் சேமிக்கிறது' என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டபோது மறுத்துவிட்டேன். முழு வாக்கியத்தையும் போடுவதானால் போடுங்கள் என்றேன்.

"போர்டுல எடம் பத்தாதே மேடம்."

"பெரிய போர்டா போடுங்க."

போட்டார்கள். கன்னடத்திலும் இங்கிலீஷிலும், அரைப்புள்ளியோடு, இரண்டு பாதிகளும். பசுமை வளாகம் என்பதால் இரும்பு வேண்டாம் என்று மரப் பலகை, மரக் கால்கள். பச்சைப் பெயின்ட். மழைக்காலம் முடிந்து நான் பைகளைத் தோண்டினேன். சின்னக் கண்ணியில் இலை இருந்தது. பெரிய கண்ணியில் மண் இருந்தது. புற்றைச் சுற்றிய டைல்ஸின்மேல் செல்லு மண்ணால் வழி போட்டு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. செக்யூரிட்டிக்காரர் அதற்கும் குங்குமம் வைத்திருந்தார். வைத்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் மேனேஜர் போன் செய்தார். குரலில் ஒரு சந்தோஷம். "மேடம், வந்து பாருங்க. உங்க ஆளுங்க உங்க போர்டையே முடிச்சிட்டாங்க."

போனேன். பலகை நின்றுகொண்டுதான் இருந்தது, பச்சையாக, பளபளவென்று. விரலை வைத்தேன், உள்ளே போனது. எங்கள் வீட்டு வாசல்நிலையேதான். பெயின்ட்டும் மண்ணும் எழுத்துகளை வைத்துக்கொண்டு நின்றன. பின்னால் மரம் இல்லை. நான் அங்கேயே நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். மேனேஜர் நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"இப்ப அந்த மரம் எங்க மேடம்?" என்று கேட்டார். என்னிடம் அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒரு பங்கு காத்துல போயிருக்கும் சார். ஒரு பங்கு மண்ணுக்குள்ள எறங்கியிருக்கும்."

அவர் பலகையைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. முதல் பாதியைப் படித்தார், அரைப்புள்ளியில் நின்றார், பிறகு மீதியையும் படித்தார்.

"அடுத்த போர்டை ஸ்டீல்ல போட்டுடலாமா?" என்றார்.

"வேணாம் சார்" என்றேன். "மரத்துலயே போடுங்க."